டாக்டரைக் கூப்பிடப் போனவர்

அயோவாவில் மாடு வளர்க்கும் ஒரு விதவை எழுதுவதுபோல் டெல்மர் இடது கையால் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எழுத்து நன்றாகவே நடுங்கியது.

"மாட்டை வெச்சுக்கிட்டு இருக்கிறவளுக்கு இவ்வளவு எழுத நேரம் ஏது?" என்றாள் மனைவி நடீன், பீன்ஸைக் கிளறியபடி.

"கறவை நின்னுபோச்சுன்னு வெச்சுக்கோ."

தொலைக்காட்சி கௌபாய் தொடர் ஒன்றில் டெல்மர்தான் துணை ஷெரீப் லூதர். ஏழாவது வாரம் ஒருவன் குண்டடிபட்டு விழ, ஷெரீப் அவரைப் பார்த்து, "லூதர், ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிட்டு வா!" என்றார். டெல்மர் ஓடினார். அவரைத் திரும்பக் கூப்பிடக் கதை எழுதுகிறவர்கள் மறந்துவிட்டார்கள். குண்டடிபட்டவன் டாக்டர் இல்லாமலே பிழைத்து, கல்யாணமும் செய்துகொண்டான். டெல்மருக்கு வயது ஐம்பத்திரண்டு. லூதர் திரும்பி வராவிட்டால் நடிப்பை மூட்டை கட்டிவிட்டு மச்சானின் டயர் கடையில் போய் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே பன்னிரண்டு ஊர்ப் பெயர்களில், பன்னிரண்டு கையெழுத்துகளில், 'எங்கள் லூதர் எங்கே?' என்று பன்னிரண்டு கடிதங்கள். எல்லாவற்றையும் ஸ்டூடியோ வாசல் தபால் பெட்டியில் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

மூன்றே வாரத்தில் பலன் தெரிந்தது. தொடரில் ஷெரீப் மதுக்கடைக்காரனிடம் சொன்னார்: "லூதரா? கல்யாணம் கட்டிக்கிட்டு ஓரிகன் பக்கம் போயிட்டான். இனிமே வரமாட்டான்."

"கேட்டியா? என் பேரைச் சொல்லிட்டாங்க!" என்று குதித்தார் டெல்மர்.

"வரமாட்டான்னும் சொன்னாங்களே" என்றாள் நடீன்.

அடுத்து இருபது கடிதங்கள். லூதருக்கு அந்தப் பெண் ஒத்துவரமாட்டாள், உடனே திருப்பி அழையுங்கள் என்று மன்றாடல். விளைவு, ஓரிகன் போகும் வழியில் ஆற்றில் வண்டி கவிழ்ந்து லூதர் இறந்தே போனார். ஷெரீப் தொப்பியைக் கழற்றிவிட்டு நான்கு நிமிடம் அழுதார். பத்திரிகைகள் அந்தக் கண்ணீரைக் கொண்டாடின.

ஷெரீப்பாக நடித்த ரோர்க் டென்னிஸன் நல்ல மாதிரி. வார நாளில் படப்பிடிப்பு, சனிக்கிழமை ஆனால் ஊர் ஊராகக் கடை திறந்து வைக்கப் போய்விடுவார். டெல்மரைப் பார்த்ததும் தோளில் கை போட்டார்.

"மனசைத் தளரவிடாதீங்கண்ணே. ஏதாவது வழி இருக்கும்."

"செத்தவனுக்கு என்ன வழி? அச்சு அசலா ஒரு இரட்டைப் பிறவி இருந்தாத்தான் உண்டு" என்றார் டெல்மர்.

"அடடா, அருமையான யோசனை! என்னால ஆனதைச் செய்யறேன்."

அன்றைக்கே டெல்மர் இரட்டைச் சகோதரன் கேட்டு நாற்பது கடிதங்கள் எழுதினார். கை வீங்கிப்போனது. ஒரு மாதம் கழித்துத் தயாரிப்பாளர் பிங்கம் கூப்பிட்டபோது மீசையை முறுக்கிக்கொண்டு ஓடினார்.

"லூதரோட இரட்டைப் பிறவி வர்றான் டெல்மர்! நேயர்கள் கேட்டது."

"தெரியும்... அதாவது, அப்படியா?"

"ஷெரீப், இவன், ரெண்டு வேஷமும் டென்னிஸனே பண்றாரு."

டெல்மர் தன் மீசையைத் தொட்டுக் காட்டினார். "லூதரோட இரட்டைன்னா என்னை மாதிரியில்ல இருக்கணும்?"

"லூதர் மூஞ்சி யாருக்குப்பா ஞாபகம் இருக்கு? ஆனா ரெண்டு பேரும் கட்டிப்பிடிக்கிற இடத்துல டென்னிஸனுக்கு எதிர்ல ஒரு முதுகு வேணும். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

டெல்மருக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வந்தவரை, நேயர் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வெர்னா நிறுத்தினாள். ஒரு பெரிய தபால் கட்டை அவர் கையில் வைத்தாள். அவர் எழுதிய எழுபத்திரண்டு கடிதங்களும்.

"இதுல ஒண்ணுகூட மேல போகலையா?"

"பிங்கம், உறையில இருக்கிற தபால் முத்திரையைத்தான் பார்ப்பாரு. வெளியூர் முத்திரை இல்லேன்னா எடுக்கவே கூடாதுன்னு உத்தரவு. எல்லாத்தையும் நம்ம வாசல் பெட்டியிலயே போட்டிருக்கீங்களே!"

"அப்ப ஓரிகன், ஆறு, இரட்டைப் பிறவி... இதெல்லாம் யாரு கேட்டது?"

வெர்னா ஜன்னலைக் காட்டினாள். கீழே டென்னிஸன், டல்சாவில் கடை திறக்கப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அவரு கையெழுத்தைக்கூட மாத்துறதில்லை. ஆனா ஒவ்வொரு ஊர்லயும் இறங்கிப் போடறாரு."