மாசிலாமணி முதலாளியின் வேகம்

‘தடால்’ என்று ஒரு சத்தம். மாசிலாமணி முதலாளி இரண்டு கால்களையும் ஒருசேர அழுத்திக் காரை நிறுத்தினார். நிறுத்திவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்து திரும்பிப் பார்த்தபோது, காருக்குப் பின்னால் ஒரு மீன்காரி காலைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிலும் சாளை மீன் சிதறிக் கிடந்தது.

‘ஐயோ, இடித்துத் தள்ளிவிட்டுத் தாண்டியும் வந்துவிட்டேனே!’ என்று பதறினார்.

மற்றவர்களாயிருந்தால் இது வெறும் விபத்து. மாசிலாமணிக்கு அப்படியில்லை. மார்த்தாண்டத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்த மனிதர், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு எஸ்டேட் துரையிடமிருந்து சிவப்பு நிறத்தில், இரண்டே பேர் உட்காரக்கூடிய இந்த ரேஸ் காரை வாங்கினார். கூடவே துரை படித்துப் போட்ட மோட்டார் பத்திரிகைகளையும் ஒரு கட்டு வாங்கினார். அதோடு போயிற்று அவருடைய வாயடக்கம்.

“சீமையில வட்டமா தடம் கட்டி வச்சிருக்கான் ஓய்! நூறு மைல் வேகத்துல கார் பறக்கும். ஒருத்தனுக்கு ஒரு கீறல் உண்டுமா? கெடையாது. ஏன்? எல்லாவனும் ஒரே திசையில போறான். குறுக்க ஆடு இல்ல, மாடு இல்ல, வாழைக்கொலை வண்டி இல்ல. ஆபத்து வேகத்துல இல்லவே, ரோட்டுலயாக்கும்! தென்னைக்கு அடியில நிக்கியதும், பாசி பிடிச்ச படியில குளிக்க எறங்குததும் கார்ப் பந்தயத்தக் காட்டிலும் ஆபத்து!”

கருப்பட்டி வாங்க வந்தவனிடம் சொன்னார். முடிவெட்ட வந்தவனிடம் சொன்னார். கடைசியில், மகள் ராகேலுக்குப் பேசிவைத்த மாப்பிள்ளையின் தகப்பனார், நெய்யூர் யோவான் சாரிடமும் சொன்னார். அங்கேதான் வினை பிடித்தது.

“வேகப் பைத்தியம் உள்ள வீட்டுல நான் சம்பந்தம் வைக்கமாட்டேன்” என்று சார் எழுந்துவிட்டார். வீட்டில் மனைவி நேசபாயும் ராகேலும் அழுத அழுகையில் மாசிலாமணி வேதபுஸ்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்யவேண்டியதாயிற்று: பத்து மைலுக்கு மேல் ஓட்டுவதில்லை. சார் இறங்கி வந்தார். இன்றைக்கு நெய்யூருக்குப் போய்க் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதாக ஏற்பாடு.

புறப்பட்டவர் ஒழுங்காகத்தான் வந்தார். கருங்கல் தாண்டியதும் ஒரு நீண்ட ஏற்றம். ரோட்டில் ஈ காக்கை இல்லை. மனிதருடைய கால் சும்மா இருக்கவில்லை. ஓர் அழுத்து அழுத்தினார். கார் உறுமியது, உதறியது, புகையைக் கக்கியது. வேகம் காட்டும் முள் துரை காலத்திலேயே செத்துப்போயிருந்தது. ஆனால் முப்பது மைலுக்குக் குறையாது என்று அவர் காதே சொன்னது. அந்தத் ‘தடால்’ கேட்கும்வரை அவருக்கு ராகேல் நினைவும் இல்லை, வேதபுஸ்தகத்தின் நினைவும் இல்லை. அதை நினைத்தபோதுதான் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாயிருந்தது.

இறங்கி ஓடினார். “காலு ஒடிஞ்சு போச்சா?”

“பெசகிருக்கு மொதலாளி.” மீன்காரி உடைந்துபோன பின்விளக்கைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். “இதுக்குப் போலீசு வருமா?”

“போலீசா! எதுக்கு போலீசு?”

“வேண்டாம் மொதலாளி. ஆருகிட்டயும் சொல்லாண்டாம். நானும் சொல்லமாட்டேன்.”

இடிபட்டவள் இடித்தவனுக்காகக் கெஞ்சுகிறாள்! மாசிலாமணி கூசிப்போனார். அவள் பெயர் செல்லக்கனி; விடியுமுன் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கூடையோடு புறப்பட்டவள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றார்.

“எனக்க மீனு?”

மீனையும் பொறுக்கிக் கூடையில் போட்டார். கார் கொள்வதோ இரண்டு பேரைத்தான். ஆகவே செல்லக்கனி முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், கூடை அவள் மடியில் உட்கார்ந்தது. சாளை நீர் வழிந்து, நாள் குறிக்கக் கட்டிவந்த சரிகை வேட்டியில் இறங்கியது.

அன்றைக்குத் திங்கட்கிழமை. திங்கள்சந்தைக் கூட்டத்தின் நடுவேதான் போயாகவேண்டும். தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாமென்று பார்த்தார். சிவப்புக் காரில் தலையைக் குனிந்து என்ன பயன்?

“என்ன மொதலாளி, கருப்பட்டிய விட்டுட்டு மீனுக்கு எறங்கியாச்சா?” என்றான் வாழைக்காய் வியாபாரி ஆபேல்.

“சும்மா கெட! வழுக்கி விழுந்து ரோட்டுல கெடந்தா. எரக்கப்பட்டு ஏத்துனேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. செல்லக்கனியாவது மறுத்துப் பேசுவாளென்று ஓரக்கண்ணால் பார்த்தார். அவள், “ஆமா, நானாட்டு விழுந்தேன்” என்று அவசரமாகச் சொன்னாள். அதுவும் அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் அவள் காலுக்குக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள், சந்தையில் சொன்ன பொய் அவரை முந்திக்கொண்டு யோவான் சார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சார் குடையும் கையுமாக ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்தார். மீன் நாற்றத்தையும் பாராமல் சம்பந்தியைக் கட்டிக்கொண்டார்.

“சம்மந்தி! ஒம்மத் தப்பா நெனச்சுட்டேன். எத்தன பேரு பாத்தும் பாக்காத போவான்! நீரு வேதத்துல வாற நல்ல சமாரியனாக்கும்!”

“அப்படியொண்ணும் இல்ல சார்...”

“இந்தத் தாழ்மையப் பாத்தேரா! வாற ஞாயித்துக்கெழம சபையில போதகரை விட்டே இதைச் சொல்லச் சொல்லுதேன். எல்லாவனும் எழும்பி நின்னு ஸ்தோத்திரம் சொல்லட்டும்.”

போதகர் பிரசங்கபீடத்தில் நின்று தன் பெயரைச் சொல்வதை மாசிலாமணி நினைத்துப் பார்த்தார். ஒருத்தியை இடித்துத் தள்ளிவிட்டு அதற்கு ஸ்தோத்திரமும் வாங்கிக்கொள்வதா? சத்தியத்தை மீறியது ஒன்று, பொய் சொன்னது இரண்டு. இனி சபையையும் ஏமாற்றவேண்டும். மகள் கல்யாணத்துக்காக இதையும் விழுங்கிவிடலாமென்று ஒரு நிமிஷம் நினைத்தார். தொண்டையில் இறங்கவில்லை.

“சார்” என்றார். “அவ தானாட்டு விழல்ல. நானாக்கும் இடிச்சேன்.”

யோவான் சாரின் கை தானாகவே அவர் தோளிலிருந்து இறங்கியது. “எவ்வளவு வேகம்?”

“முப்பது மைல் இருக்கும். கூடவும் இருக்கும்.”

“வேதபுஸ்தகத்துல கை வச்சீரே ஓய்!”

“வச்சேன்.”

“ராகேல் தங்கமான பிள்ளை. ஆனா ஒம்ம வீட்டுல...” சார் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. மாசிலாமணிக்கு மகளின் முகம் கண்முன் வந்தது; கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. “கல்யாணப் பேச்சு பெறகு. மொதல்ல அந்தப் பெண்பிள்ளைகிட்ட எனக்க முன்னால மன்னிப்புக் கேளும்.”

வராந்தாவில் பெஞ்சு மேல் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் செல்லக்கனி. மருந்துக்கு நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஆயுளில் யார் முன்னாலும் குனியாத கருப்பட்டி முதலாளி, மீன் நாறும் வேட்டியோடு கைகூப்பி நின்றார்.

“பிள்ளே, என்னை மன்னிக்கணும். சீமையில பந்தயத்துல ஓட்டுவான்லா, அந்தக் கணக்குல கண்மண் தெரியாத வேகத்துல வந்து ஒன்னை இடிச்சுப்போட்டேன். நீ எனக்காவப் பொய் சொல்லவேண்டியதில்ல. உள்ளதை சார்கிட்ட சொல்லு.”

செல்லக்கனி அவரையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ‘ஓ’வென்று அழுதுகொண்டே சொன்னாள்:

“எனக்க மாதாவே, இனியும் மறைச்சா பாவமாக்கும் சாரே! மீனு கெட்டுப்போவதுக்கு முன்ன சந்தைக்கு எத்தணும்னு நான் ஓடி வந்தேன். மொதலாளி வண்டி முன்னால ஏத்தத்துல நத்தையாட்டு ஊந்துகிட்டுப் போச்சு. தலச்சொமையோட நிக்க முடியாத, நானாக்கும் பின்னால வந்து அந்த வண்டிய இடிச்சுப்போட்டேன்!”