பாலத்துக்கு இந்தப்புறம் எழுதப்பட்ட கவிதைகள்

அரசு ஒரு விருதை ஏற்படுத்திவிட்டால் அதை யாராவது வாங்கித்தான் ஆக வேண்டும். மண்டலக் கவிதைத் தொகுப்பு விருது என்றால் மண்டலத்துக் கவிஞர் ஒருவர் வாங்க வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. தொல்லை வந்தது கடலைப் பற்றியே ஒரு தொகுப்பு எழுதிய ஒருவரால். மண்டலத்தில் கடல் கிடையாது. அப்படியானால் இவர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று யாரோ மனுப் போட்டார்கள். விசாரணையில், மைத்துனர் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதினார் என்பதும், மைத்துனர் வீடு வேறு மண்டலத்தில் இருக்கிறது என்பதும் ஐயந்திரிபற நிரூபணமாயின. விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மைத்துனரையும் கண்டித்தார்கள். அன்றுமுதல் விதிகளில் ஒரு வரி கூடியது: "தொகுப்பிலுள்ள கவிதைகள் யாவும் மண்டல எல்லைக்குள் இயற்றப்பட்டவையாக இருத்தல் வேண்டும்."

அந்த வரி, ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் தலையில் வந்து விடிந்தது.

அவள் வீடு ஆற்றுக்கு இந்தப்புறம், பரிசோதனைக்கூடம் அந்தப்புறம். நடுவில் ஒரு நீளமான பாலம். பாலத்தின் சரிபாதியில் மண்டல எல்லை. வீட்டில் எழுத உட்கார்ந்தால் குக்கர் கூப்பிடும், பரிசோதனைக்கூடத்தில் உட்கார்ந்தால் யாராவது சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஆகவே பஸ்ஸில்தான் எழுதினாள். எழுதியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "இவை பாலத்தைக் கடக்கும் பேருந்தில் பிறந்தவை" என்று முன்னுரையில் பெருமையாக வேறு போட்டுத் தொலைத்திருந்தாள். முன்னுரை என்றால் அப்படி எதையாவது போடத்தான் தோன்றும்.

அவளுக்கு மேடை ஆசை கிடையாது. விருது பெறும் நூலை மண்டலத்துப் பள்ளி நூலகங்கள் எல்லாவற்றிலும் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். செத்துப்போன அவள் அக்காவைப் பற்றிய கவிதை ஒன்று தொகுப்பில் இருந்தது. முன்பின் தெரியாத பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டும், இப்படி ஒருத்தி இருந்தாள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கவிதை இது:

அக்காவுக்கு ஜன்னலோரம் பிடிக்கும்.
சின்னவள் நான், அழுது வாங்கிக்கொள்வேன்.
ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலை
ஜன்னலோரம் போடச் சொன்னேன்.
அவள் திரும்பி
என்னைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாள்.
வெளியே என்ன தெரிகிறது, சொல் என்றாள்.
சொன்னேன்.
அவள் தூங்கிய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விருதுப் பிரிவுக் கண்காணிப்பாளர் நல்ல மனிதர். தொகுப்பை அவர் முன்னுரைவரை படித்திருந்தார். விருது அலுவலகத்தில் அவ்வளவு தூரம் போனவர்கள் குறைவு.

"கவிதையெல்லாம் எங்கே எழுதினீங்க?" என்று கேட்டார்.

"பஸ்ல சார்."

"பஸ் எங்கே இருந்துச்சு?"

"ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"ஓடினாலும் எங்கேயாவது இருந்துக்கிட்டேதானே ஓடணும்? அந்தப் பக்கம் எழுதினதை இந்தப் பக்கத்துக் கவிதைன்னு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?"

"மனசுல தோணினது எல்லாமே இந்தப் பக்கம்தான் சார். வீட்டுல, வாசல்ல."

"தோணுறதுக்கு விதி இல்லை. எங்கே வேணும்னாலும் தோணலாம், அரசு குறுக்கே நிக்காது. எழுத்துல வந்த இடம்தான் இடம்."

விதியை மீறவும் அவருக்கு மனமில்லை, அவளை அலையவிடவும் மனமில்லை. எனவே களஆய்வுக்கு உத்தரவிட்டார். மறுநாள் காலை பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார, கண்காணிப்பாளர் பக்கத்தில் உட்கார, நில அளவையாளர் பிடிக்கக் கம்பி கிடைக்காமல் டிரைவரின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு கவிதையையும் முதலில் எந்த இடத்தில் தொடங்கினாளோ அதே இடத்தில் தொடங்கி, அதே வேகத்தில் திரும்ப எழுதிக் காட்ட வேண்டும். பாலத்தின் பாதி வந்ததும் அளவையாளர் தூக்கிய கையைக் கீழே போடுவார். கை விழுந்த இடத்தில் கவிதை அறுபடும்.

கை விழுந்ததும் கண்காணிப்பாளர் கோப்பை மூடிக்கொண்டு ஆற்றைப் பார்க்கத் தொடங்கினார்.

"சார், இன்னும் முடியல" என்றாள் அவள்.

"என் அதிகாரம் முடிஞ்சிடுச்சும்மா. இப்ப நான் சாதாரணப் பயணி" என்றார் அவர். பிறகு கண்டக்டரிடம், இந்த ஆற்றில் மீன் உண்டா என்று விசாரித்தார்.

இப்படியே பல நாள் போய் வந்தார்கள். போக்குவரத்து நெரிசலைப் பற்றிய ஒரு கவிதை மட்டும் சிக்கலாயிற்று. அதை எழுதியபோது பஸ் நடுப்பாலத்தில், எல்லைக்கோட்டின் மேலேயே நின்றுபோயிருந்தது.

"எந்த சீட்ல இருந்தீங்க?"

"கடைசி சீட்ல."

"தப்பிச்சீங்க. டிரைவர் பக்கத்துல உட்கார்ந்திருந்தா மொத்தக் கவிதையும் போயிருக்கும்."

ஆய்வறிக்கை தயாரானது. சில கவிதைகள் முழுசாகப் பிழைத்தன. சிலவற்றுக்குத் தலை மட்டும் மிஞ்சியது. அக்கா கவிதை "அவள் திரும்பி" என்பதோடு நின்றது. அதற்குப் பின் வந்த நாலு வரியும் எதிர்க்கரையைச் சேர்ந்தவை. அவற்றை நீக்கித் திருத்திய பதிப்பு கொடுத்தால் தொகுப்பு தகுதி பெறும்.

"அந்த நாலு வரிதான் சார் கவிதையே" என்றாள்.

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. அந்த மண்டலத்துலயும் விருது இருக்கு, மிச்சத்தை அங்கே அனுப்பிப் பாருங்களேன்" என்றார் அவர். அவர் கேலி செய்யவில்லை. மனசாரத்தான் சொன்னார்.

வீட்டுக்காரர் சோறு பிசைந்துகொண்டே யோசனை சொன்னார். "நாலு வரிதானே? விட்டுக்கொடு. புக் எல்லா ஸ்கூலுக்கும் போகும்ல. உங்க அக்கா பேரைச் சொல்ல அஞ்சு வரி இருக்கே."

அன்று இரவு அவள் அழுதாள். காலையில் வெட்டினாள். அக்காவின் கணவரிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் கண்ணாடிக்கடை வைத்திருக்கிற மனிதர், அதிகம் பேச மாட்டார். அக்கா போன புதிதில் அவள் கையால் எழுதிக் கொடுத்த அந்தக் கவிதையைக் கடையில் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தார்.

விருதுக் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். திருத்திய பதிப்பைப் பிரித்ததும் அவர் திடுக்கிட்டார். கவிதைகள் பாதியில் நிற்கின்றன. அச்சுப்பிழை என்று சொன்னால் தனக்குப் புரியவில்லை என்று மற்ற நடுவர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில், "துணிச்சல்" என்று முணுமுணுத்தார். மற்ற நடுவர்களும் அதே அச்சத்தில் தலையாட்டினார்கள். வாரப் பத்திரிகையில் பேராசிரியரின் கட்டுரை வந்தது. இதற்கு முறிகவிதை என்று பெயர் வைத்திருந்தார். "முடிக்கிற அதிகாரத்தை வாசகனிடமே ஒப்படைக்கும் அறம்" என்று எழுதியிருந்தார். 'அவள் திரும்பி' என்ற இரண்டு சொல்லுக்கு மட்டும் இரண்டு பக்கம்.

அதற்குப் பிறகு ஊரில் எவரும் கவிதையை முடிப்பதில்லை. இளம் கவிஞர்கள் ஏற்கெனவே எழுதி முடித்தவற்றையும் எடுத்து வாலை நறுக்கினார்கள். ஒரு கூட்டத்தில் நன்றியுரை சொல்ல வந்தவர் "இந்த விழாவுக்கு வருகை தந்த" என்பதோடு நிறுத்திவிட்டு இறங்கிப்போக, அரங்கமே கைதட்டியது.

அவளுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் பேட்டிக்கு வந்தவர்கள் ஏன் அங்கே நிறுத்தினீர்கள் என்று பயபக்தியோடு கேட்டார்கள். நில அளவையாளர் கையைக் கீழே போட்டார் என்று எப்படிச் சொல்வது? "அதற்கு மேல் சொல்ல மொழிக்கு உரிமை இல்லை என்று பட்டது" என்று சொல்லிவைத்தாள். முதல் தடவை சொன்னபோது நாக்கு கூசியது. நாலைந்து பேட்டிக்குப் பிறகு கூசவில்லை.

விருது விழாவில் அக்கா கவிதையை வாசிக்கச் சொன்னார்கள். அவள் நிதானமாக வாசித்தாள். "அவள் திரும்பி" என்று சொல்லி நிறுத்தி, தாளை மடித்தாள். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கடைசி வரிசையில் கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். பார்க்கவே பாவமாக இருந்தார். மேடையில் திக்கி நிற்கிற பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பதைப் போல, தயங்கித் தயங்கி, அங்கிருந்தே சொன்னார்:

"என்னைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாள். வெளியே என்ன தெரிகிறது, சொல் என்றாள். சொன்னேன். அவள் தூங்கிய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்."

இரண்டாவது வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்காணிப்பாளர் பக்கத்திலிருந்த எழுத்தரிடம், அந்த வரிகள் நம் மண்டலத்தைச் சேர்ந்தவை அல்ல, குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்று ரகசியமாகச் சொன்னார். பேராசிரியர் மைக்கைப் பிடித்தார்.

"ரசிகர் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டுத் தம்முடைய கற்பனையால் கவிதையை முடித்துப் பார்த்தார். முயற்சியைப் பாராட்டுகிறேன். ஆனால் முடித்தால் எவ்வளவு சாதாரணமாகிவிடுகிறது, கவனித்தீர்களா?"

எல்லாரும் கவனித்திருந்தார்கள். பலத்த கைதட்டல். கண்ணைத் துடைத்த அம்மாள், தனக்கு ஜலதோஷம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் தெரிவித்தார்.

விழா முடிந்து வெளியே வந்தபோது அக்காவின் கணவர் படிக்கட்டில் காத்துக்கொண்டிருந்தார்.

"பயத்துல மறந்துட்டியோன்னு நினைச்சேம்மா. அதான் எடுத்துக் கொடுத்தேன். தப்பாயிடுச்சா?"

அவளுக்கு உள்ளே சுருக்கென்றது. ஆனால் கோபம்தான் முந்திக்கொண்டது. "மறக்கல மாமா. கவிதையே அவ்வளவுதான். அத்தனை பேருக்கு நடுவுல நீங்க கெடுத்துட்டீங்க."

"அப்ப அந்த நாலு வரி?"

"எடுத்தாச்சு. அது இருந்தா ரொம்ப வெளிப்படையா இருக்கு."

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்றார். "ஆனா புக் ஸ்கூலுக்கெல்லாம் போகுதுங்கிறாங்க. பிள்ளைங்க படிச்சுட்டு, அவ திரும்பி என்ன பண்ணான்னு கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"அவங்கவங்க கற்பனைக்கு விட்டிருக்கு மாமா" என்றாள் தங்கை.