குடிப்பதும் பிடிப்பதும்

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

இங்கு நலம் என்று எழுதுவதற்கில்லை. அங்கு நலமாகத்தான் இருக்கும். மேலதிகாரிகளுக்கு எப்போது என்ன கெட்டிருக்கிறது? உங்கள் கல்யாணப் பத்திரிகையில் இருந்த ஒன்பது பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து நாம் பேசுவதில்லை. ஒன்பதும் பிழைகள்தாம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனாலும் செவிலியர்களை இடம் மாற்றும் கோப்பில் கையெழுத்திடுபவர் நீங்கள் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் அக்கா மகளுக்கு இப்போது ஆறு மாதக் கர்ப்பம். மாப்பிள்ளை கப்பலில் இருப்பதால் அவள் என்னோடு இருக்கிறாள். முதல் குழந்தை குறைமாதத்தில் பிறந்து இரண்டே நாளில் போனது உங்களுக்குத் தெரியும். சம்பந்தியம்மாள் அவளைத் தண்ணீர் வாளியோடு மாடி ஏறவைத்ததே காரணம் என்று நான் அந்த அம்மாளுக்கு ஏழு பக்கம் எழுதியதும் தெரியும். உங்களுக்கும் ஒரு நகல் அனுப்பினேன். இந்த முறை அப்படி ஆகிவிடக் கூடாதே என்று நான் அவளைத் தரையில் நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கையில்தான், உங்கள் துறை ஒரு செவிலியரை வீடு தேடி அனுப்பியது. வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் படிவத்தை எடுத்து, "வீட்டுல யாராவது குடிப்பாங்களாம்மா?" என்று மகளைக் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான், "எங்க வம்சத்துலேயே எவனும் குடிச்சதில்லை, எழுதிக்கோங்க" என்றேன். எழுதிக்கொண்டார். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெருமையாகப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஸ்கேனில் குழந்தை வளர்த்தி போதவில்லை என்றார்கள். மறுநாளே செவிலியர் கையடக்கமான ஒரு கருவியோடு வந்து, மகளை மூச்சை அடக்கி ஊதச் சொன்னார். பதினான்கு. சிவப்பு விளக்கு. ரத்தத்தில் புகை இருக்கிறதாம். நான் கொதித்துப்போய், "அந்தக் கடன்காரன் பழக்கம்தான் எல்லாம்" என்று மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவர் போய் எத்தனை நாளாச்சு சார்?"

"ரெண்டு மாசம்."

"நடுக்கடல்லேருந்து இங்க வரைக்கும் புகை விட்டா அது கப்பல் இல்ல சார், எரிமலை. நீங்க குடிப்பீங்களா?"

"அன்னிக்கே சொன்னேனே, தொடமாட்டேன்."

"சிகரெட்டைக் கேட்டேன்."

"அது பிடிக்கிறதும்மா. குடிக்கிறது தண்ணி, பால், சாராயம். முப்பது வருஷம் பாடப் புத்தகத்துக்குப் பிழை திருத்தினவன்கிட்ட…"

"சரிங்க சார், பிடிச்சதை ஊதுங்க."

ஊதினேன். இருபத்திரண்டு. "என் புகைதான் இவளுக்குப் போயிருக்கு, போதுமா?" என்றேன். பக்கத்தில் இருப்பதால் மட்டும் பதினான்கு வராது என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள் என்று என்னைச் சமையலறைக்கு அனுப்பிவைத்தார். தந்திரம். ஆனால் அந்தச் சுவர் எவ்வளவு மெல்லியது என்பது அவருக்குத் தெரியாது.

"ஒரு நாளைக்கு அஞ்சு, சிஸ்டர். அப்பா பாக்கெட்லேருந்துதான். விடணும்னு நெனைக்கிறேன், முடியல. அன்னிக்கு நீங்க கேட்டப்ப சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அப்பா முந்திக்கிட்டாரு."

"போன தடவை?"

"போன தடவை யாரும் கேக்கவே இல்ல."

சொம்பு நிரம்பி வழிந்தது. குழாயை மூடத் தோன்றவில்லை. பாக்கெட்டில் குறைந்த அந்த ஐந்துக்காக மின்விசிறி மாட்ட வந்தவனைத் தெருவே பார்க்கத் திருடன் என்றிருக்கிறேன். அந்த ஏழு பக்கமும் நினைவுக்கு வந்தது. அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

செவிலியர் அவளைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "போனதுக்கு இதுதான் காரணம்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. இன்னிக்கு விட்டா இன்னிலேருந்தே வயித்துல இருக்கறதுக்கு நல்லது" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். கை தவிக்கும்போது எந்த நேரமானாலும் போன் பண்ணச் சொன்னார். போகும்போது என்னிடம், "வீட்டுல ஒண்ணுகூட இருக்கக் கூடாது சார். நெருப்பைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பஞ்சைக் குத்தம் சொல்லாதீங்க" என்று சொல்லி, சமையலறைக் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். மகள், அப்பா என்று இரண்டு கட்டம். செவ்வாய்தோறும் ஊதி எண்ணை எழுத வேண்டுமாம், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. ஒரு தகப்பன் கேட்டிருக்க வேண்டியதை வெளியாள் கேட்டு, வெளியாளிடம் அவள் சொல்லி, இப்போது என் வீட்டில் என் பெண் அவர் பேச்சைத்தான் கேட்கிறாள். ஆகவே அவரைக் கண்காணாத இடத்துக்கு உடனே மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் மனைவிக்கு, பத்திரிகையில் அவர் பெயரே தவறாக இருந்ததைப் பொறுத்துக்கொண்டதற்காக, என் மரியாதை.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் செவ்வாய் வந்துவிட்டது. மகள் மூன்று. ஏழு நாளாக அவள் ஒன்றுகூடத் தொடவில்லை. இரண்டு முறை அழுதுகொண்டு செவிலியருக்கு போன் செய்தாள். நான் பதினெட்டு. பேருந்து நிறுத்தத்தில் நின்று பிடிப்பது கருவிக்கும் தெரிகிறது. செவிலியர் படிவத்தைப் பிரித்து மறுபடியும், "வீட்டுல யாராவது குடிப்பாங்களா?" என்றார். இந்த முறை மகள் முந்திக்கொண்டாள்: "எங்க வம்சத்துலேயே எவனும் குடிச்சதில்லை, எழுதிக்கோங்க." இரண்டு வருடத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். செவிலியர் எழுதவில்லை. பேனாவை என்னிடம் நீட்டினார். 'குடிப்பேன்' என்று எழுதினேன். திருத்தவில்லை. மேலே கேட்டதை மறந்துவிடுங்கள். குழந்தை பிறக்கும்வரை அந்தச் செவிலியரை இங்கிருந்து அசைக்காதீர்கள். அதோடு, சம்பந்தியம்மாளின் விலாசம் என்னிடம் இல்லை, கோபத்தில் கிழித்துவிட்டேன்; மகளிடம் கேட்க முகமில்லை. அந்த ஏழு பக்க நகலின் தலைப்பில் இருக்கும், அனுப்பிவையுங்கள்.