பூச்சியம் போட்ட கதவு

பெர்னடெற் மறுபடியும் கார்ட் கிடந்த தன் பேர்ஸை, கதவோரம் கார்டைப் படிக்கும் பெட்டியில் வைத்து எடுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பிள்ளை, கதவு என்னை மதிக்குதில்லை!" என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கத்தினார்.

உள்ளே ஜெனோஜாவுக்கு வியர்த்தது. மோர்டன் என்ற ஊரில், கார்ட் வைத்தால் திறக்கும் பூட்டுகள் செய்து விற்கும் அந்தக் கொம்பனியில், கதவின் புரோகிராம் அவள் எழுதியது. அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முதலாளி எட்வேட் சொல்லப்போவதும் இன்றைக்குத்தான். பெர்னடெற், கணக்குப் பகுதியில் இன்றைக்குச் சேர வந்தவர்; அவருடைய கார்ட் போன கிழமையே தபாலில் போயிருந்தது.

ஜெனோஜா திரையைப் பார்த்தாள். கார்டின் இலக்கம் பூச்சியம் முதல் ஒன்பது வரையும் A முதல் F வரையுமான எழுத்துகளாக வரும். இரண்டிரண்டாகச் சேர்த்துப் பைட் என்ற துண்டுகளாக்கி, அந்த வரிசையைக் கதவுக்குக் கொடுக்க வேண்டும். இந்த இலக்கத்தில் சோடியில்லாமல் ஓர் எழுத்து மிஞ்சி நின்றது. அந்த இடத்திலேயே புரோகிராம் படுத்துவிட்டது.

மிஞ்சியதை வெட்டினாள்.

"அக்கா, இப்ப வையுங்கோ."

சிவப்பு.

"மழை தூறுது பிள்ளை."

வெட்டியதைத் திரும்ப ஒட்டி, கடைசியில் ஒரு பூச்சியம் சேர்த்தாள். கதவு பெர்னடெற்றைக் கள்ளர் என்று முடிவுகட்டி அபாயமணியை அலறவிட்டது. மணி அடித்தால் உள்ளிருந்தும் கதவு திறக்காது. அந்தப் புத்திசாலித்தனமும் ஜெனோஜாவுடையதுதான்.

'முன்னால இருந்த பூச்சியம்தான் விழுந்திருக்கும்' என்று நினைத்து, வருகிற எல்லா இலக்கத்துக்கும் முன்னால் ஒரு பூச்சியம் போட்டாள். பெர்னடெற்றின் இலக்கம் சோடி சேர்ந்தது; ஆனாலும் சிவப்புத்தான். மற்ற எல்லாருடையதும் சோடி குலைந்தது.

அப்போதுதான் எட்வேட் இரண்டு வாடிக்கையாளரோடு வந்து தன் கார்டை வைத்தார். சிவப்பு.

"ஜெனோஜா! என்ரை கதவு என்னையே உள்ள விடுதில்லை! இவையள் பூட்டு வாங்க வந்த ஆக்கள்!"

"ஒரு நிமிசம் அண்ணை!"

"கோட்டு நனையுது!"

மழை வலுத்தது. சாப்பிடப் போனவர்களும் திரும்பி வந்து வரிசையில் நின்று நனைந்தார்கள். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்றுகூட ஜெனோஜா யோசித்துவிட்டாள். கடைசியில் மானம் விட்டு, திரையில் தெரிந்த பெர்னடெற்றின் இலக்கத்தை அப்படியே புரோகிராமுக்குள் எழுதினாள்: இது வந்தால், வேறெதையும் பாராமல் திற.

"அக்கா, கடைசித் தரம்!"

பச்சை!

எல்லாரும் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்கள். வாடிக்கையாளர் ஒருவர் கைதட்டினார். எட்வேட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "சரி, ஒராளின்ரை கார்டாவது வேலை செய்யுது. பிள்ளை, நீ இனி இங்கை நிரந்தரம்," என்றார்.

ஜெனோஜா கண்ணை மூடி மூச்சு விட்டாள்.

கழுத்தில் மாட்டக் கார்டைத் தேடிப் பேர்ஸைத் திறந்த பெர்னடெற், அவள் காதருகே குனிந்தார்.

"பிள்ளை, ஒபிஸ் கார்ட் வீட்டிலை மறந்துட்டன். இதுக்குள்ள கிடக்கிறது என்ரை லைபிரரி கார்ட்."