கூறைச்சீலைக்குள் ஒரு துவக்கு

ஒளிக்கத் தெரியாதவன் எதையும் ஒளிக்கக் கூடாது. திருடனுக்கும் காதலனுக்கும் பொதுவான இந்த உண்மையை எனக்குக் கற்பித்தது ஒரு மரத்துவக்கு.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஜெர்மனியில் பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நானும் மனைவி யோகமும் இருந்தோம். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆகவே பொலிஸ்காரரைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவேன். (அந்தப் பக்கமும் ஒருவர் வந்தால் திரும்பி வீட்டுக்கே போய்விடுவேன்.)

கீழ்வீட்டில் ஹெர் குரூகர் இருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், துப்பாக்கி சுடுவோரின் ஊர்த் துவக்குச் சங்கத்தில் பழைய உறுப்பினர். கோடையில் அந்தச் சங்கத்துக்குத் திருவிழா. பச்சைச் சீருடையும் தோளில் துவக்குமாக, பாண்ட் வாத்தியம் முழங்க ஊர்வலம் போவார்கள். உண்மையான துவக்குகள் சுடும் இடத்தில் பூட்டுக்குள் இருக்கும். ஊர்வலத்துக்கு மரத்தில் செய்தவை. குரூகருடைய மரத்துவக்கின் வார் அறுந்துபோக, யோகம் தைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டாள்.

"நாளைக்கு நான் விடியவே தேவாலயத்துக்குப் போய்விடுவேன். மதியம் சந்தைத் திடலுக்குக் கொண்டுவந்து தருவீர்களா?" என்று குரூகர் கேட்டார்.

அந்தக் காலத்தில் என் ஜெர்மன் மொழியில் முக்கால்வாசி "யா"தான். "யா, யா" என்றேன். அவர் படியிறங்கிய பிறகுதான் என்ன கேட்டார் என்று யோகம் விளங்கப்படுத்தினாள்.

"தோளில கொழுவிக்கொண்டு போங்கோவன். மரம்தானே?"

"மரமெண்டு எனக்குத் தெரியும். என்னைச் சுடப்போறவனுக்குத் தெரியுமே?"

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் மடக்கிய குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனதற்கே ஆமிக்காரர் என்னை முழந்தாளில் இருத்தியிருக்கிறார்கள்.

மறுநாள் ஊர்வலம் பார்க்க யோகம் முன்னதாகவே போய்விட்டாள். துவக்கைச் சுற்றத் துணி தேடினேன். கட்டில் விரிப்புகள் எல்லாம் தோய்த்துக் கொடியில் கிடந்தன. அலுமாரியில் கைக்கு அகப்பட்டது யோகம் கல்யாணத்துக்குக் கட்டிய சிவப்புக் கூறைச்சீலை. சுற்றிக் கட்டிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். சுருட்டிய பாய் மாதிரித்தான் பட்டது. (எனக்குக் கிட்டப்பார்வை.)

பஸ்ஸில் அதைக் கட்டிப்பிடித்தபடி இருந்தேன். எதிரே தொப்பி போட்ட ஒரு முதிய அம்மா.

"எவ்வளவு அழகான பட்டு! என்ன அது?" என்று கேட்டார்.

என் மனைவியுடைய சீலை என்று சொல்ல நினைத்தேன். ஜெர்மன் மொழியில் அந்த "உடைய"வுக்கு ஒரு குட்டிச் சொல் உண்டு. அதை விட்டுவிட்டேன்.

"என் மனைவி" என்றேன்.

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, மூட்டையை அன்போடு தட்டிக்காட்டி, தெரிந்த சொற்களை எல்லாம் சேர்த்தேன்: "யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்தேன். பெட்டிக்குள் வைத்து. நன்றாக மடித்து."

அவர் எழுந்து நேரே சாரதியிடம் போனார். சாரதி பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்துத்தானா சீலை நழுவி, குழல் வெளியே தலை நீட்ட வேண்டும்!

பொலிஸ்காரர் இருவர் வந்தார்கள். என் விண்ணப்பம், என் எதிர்காலம், எல்லாம் முடிந்தது என்று கையை உயர்த்தினேன். மூத்தவர் சீலையின் தலைப்பைப் பிடித்து அவிழ்க்கத் தொடங்கினார். கூறைச்சீலையின் நீளம் தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. சாரதியின் இருக்கை வரைக்கும் போனார், சீலை முடியவில்லை. திரும்பி வந்தார், அப்போதும் முடியவில்லை. கடைசியில் துவக்கு வந்தது. விரலால் தட்டினார். "டொக்."

முதலில் சிரித்தது அந்தத் தொப்பி அம்மாதான். பிறகு பஸ் முழுவதும்.

"இன்றைக்கு ஊரில் பாதிப் பேர் துவக்கோடு திரிகிறார்கள். ஒருவரையும் நாங்கள் மறிக்கவில்லை. ஒளித்துக் கொண்டுவந்தவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார் மூத்தவர். பிறகு சீலையை என் கழுத்தில் போட்டு, துவக்கைத் தோளில் கொழுவி, குழலை நிமிர்த்தினார். "மரமென்றாலும் குழல் வானத்தைப் பார்க்க வேண்டும். ஆட்களைப் பார்க்கக் கூடாது."

ஊர்வலத்துக்காக அதற்கப்பால் வீதியை மூடியிருந்ததால், இருவரும் என்னோடு நடந்தே வந்தார்கள். தோளில் துவக்கு, இரண்டு பக்கமும் பொலிஸ். யாழ்ப்பாணத்தில் யாராவது இந்தக் காட்சியைக் கண்டிருந்தால் என் செத்தவீட்டு எட்டுச் செலவுக்கு மரக்கறி வாங்கப் போயிருப்பார்கள். இங்கேயோ ஜன்னல்களிலிருந்து கை காட்டினார்கள். யாரோ ஒருவர் பியர் கிளாஸை என் கையில் திணித்தார். பேக்கரி மூலையில் திரும்பும்போது நானும் கை காட்டத் தொடங்கியிருந்தேன். நெஞ்சு தானாக முன்னுக்கு வந்திருந்தது.

திடலில் துவக்கை நீட்டினேன். குரூகர் வாங்கவில்லை. "எனக்கு முழங்கால் நோகிறது. நீங்களே தூக்குங்கள்" என்று என்னைத் தன் பக்கத்தில் நிறுத்தினார். வெள்ளைக் கையுறை போட்ட சங்கத் தளபதி வந்து, என் கழுத்தில் கிடந்த சீலையை எங்கள் நாட்டு மரியாதைப் பட்டி என்று எண்ணி, மார்புக்குக் குறுக்காக அழகாகப் போட்டுவிட்டார். பாண்ட் முழங்கியது. நடந்தோம்.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் பாண்ட் வாத்தியத்தையும் மீறி வந்தது.

"ஐயோ! என்ரை கூறை!"

யோகம்.

கூட்டத்தின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. "ஹுரா!" என்று வீதியே திருப்பிக் கத்தியது. அவள் இன்னும் கோபமாக "கூறை! கூறை!" என்றாள். "ஹுரா! ஹுரா!" என்றது ஊர். தளபதி தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் வைத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ஹுரா சொல்வதில்லை. பிறந்தநாளோ, பரீட்சையில் சித்தியோ, எதற்கும் "கூறை"தான். எங்கள் மருமகன் ஜெர்மன்காரன். கேக் வெட்டும்போது அவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாக "ஐயோ, என்ரை கூறை!" என்று கத்துவான். அது தமிழரின் வாழ்த்து என்று நம்புகிறான். அவனுக்கு உண்மையைச் சொல்ல யோகம் இன்னும் விடவில்லை.