பேக்கரிக்காரத் தம்பிக்கு, டின்னில் தூவிய மாவு பற்றி

தலைமுதல் கால்வரை மாவும், அதற்குமேல் கொஞ்சம் கர்வமும் படிந்திருக்கும் என் அருமைத் தம்பிக்கு, உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் தையல் மிஷினும் அவரவர் இடத்தில் இருக்கிறோம். நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், நீ நலமா என்று கேட்டால் "எனக்கென்ன கேடு" என்பாய், ஆகையால் இரண்டையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கடிதமாக எழுதக் காரணம் உண்டு. போனில் கூப்பிட்டால் மூன்றாவது வார்த்தையிலேயே "அக்கா, அடுப்புல வேலையா இருக்கேன்" என்று துண்டித்துவிடுகிறாய். கடிதத்தைத் துண்டிக்க முடியாது. நீ படிக்காமல் மூலையில் போட்டாலும் உன் மனைவி எடுத்து உனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள், அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு உன் புது அடுப்பைப் பார்க்க வந்த இடத்தில் நான் உன் கடை மானத்தைக் கப்பலேற்றிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாயாம். வாடிக்கையாளர்கள் பார்க்க நான் உன் கேக்கைக் காகிதத்தில் துப்பினேன், ஒப்புக்கொள்கிறேன். அவர்களில் ஒரு பெரியவர் கையிலிருந்த பன்னைச் சத்தமில்லாமல் தட்டில் திரும்ப வைத்தார், அதையும் பார்த்தேன். ஆனால் ஏன் துப்பினேன் என்பதை மட்டும் நீ யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு முதலில் உனக்குப் புரிய வேண்டுமே. ஆகவே என் வியாதியை உனக்கு மறுபடியும், இத்தோடு எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன், ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டு கேள்.

எட்டு வருடம் என் வயிறு என் பேச்சைக் கேட்கவில்லை. சாப்பிட்டால் உப்பும், சாப்பிடாவிட்டால் வலிக்கும், வெளியே கிளம்பினால் முதலில் கழிப்பறை எங்கே என்று விசாரிக்கிற நிலைமை. ரத்தம் குறைவு என்றார்கள், இரும்பு மாத்திரை தந்தார்கள், ரத்தம் ஏறவில்லை, கோபம்தான் ஏறியது. ஒரு டாக்டர் "மனசுல ஏதாச்சும் கவலையாம்மா?" என்றார். கவலை இருந்தது, அவர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்பதுதான் அது. கடைசியில்தான் குடல் டாக்டர் வாய்வழியாகக் குழாயை விட்டுப் பார்த்து, பெயர் செலியாக் என்றார். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற ஒரு சத்து உள்ளே போனதும் என் உடம்பு அதை எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போய், கடைசியில் தன் சிறுகுடலையே அடித்துக்கொள்கிறதாம். வெல்வெட் மாதிரி இருக்க வேண்டிய இடம் நூல் தெரியத் தேய்ந்த பழைய துணி மாதிரி ஆகிவிட்டது, தின்பதில் எதுவும் ஒட்டுவதில்லை. மருந்து கிடையாது. வாழ்நாள் பூராவும் ஒரு பொடித்துகள் கூட உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் மருந்து. இதை அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்து சொன்னேன். அழுகை வருகிற நிலைமையில் இருந்தேன். நீ என்ன சொன்னாய்? "ரொட்டி தின்னா நோயா? நான் பத்தொம்பது வருஷமா மாவுலயே குளிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு? இந்த மாதிரி புதுசு புதுசா நோயக் கண்டுபிடிச்சு எங்க பொழப்புல மண்ணப் போடாதீங்கக்கா!" ஏதோ என் குடலை நானே கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு உன் கடைமேல் பழி போட்டதுபோலப் பேசினாய்.

அறிவாளிகளுக்கு என்னைச் சுற்றிலும் பஞ்சமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ ஒருவன்தான் இருக்கிறாய் என்று பெருமைப்பட்டுக்கொள்வாய். மாடி வீட்டம்மா ஒரு தட்டு பிஸ்கட்டோடு வந்தாள். கோதுமை ஆகாது என்றேன். "தெரியும் தெரியும், அதனாலதான் மைதாவுல பண்ணேன்" என்றாள். மைதா எந்த மரத்தில் காய்க்கிறது என்று அவளிடம் கேட்க வாய் வரை வந்தது, விட்டுவிட்டேன். தையல் கடை முதலாளியம்மா "தினம் கொஞ்சம் கொஞ்சமா தின்னு பழக்கிக்கோ" என்று யோசனை சொன்னார், இதே யோசனையை விஷத்துக்கும் சொல்வாரா என்று தெரியவில்லை. உன் அத்தானோ நேர் எதிர். அக்கறை அவருக்குத் தலைக்கேறிவிட்டது. என் பாத்திரம், என் கரண்டி, என் வெட்டும் பலகை எல்லாவற்றிலும் சிவப்பு நூல் கட்டினார், அதுவும் என் தையல் பெட்டியிலிருந்து எடுத்த நூல். உப்பு டப்பாவுக்குக் கட்டினார், தண்ணீர்க் குடத்துக்குக் கட்டினார், ஒருநாள் நான் தூங்கி எழுந்து பார்த்தால் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலும் நூல். இவ்வளவும் செய்துவிட்டு, தன் ரொட்டியில் ஜாம் தடவிய கத்தியை நக்கித் துடைத்து, சிவப்பு நூல் கட்டிய என் ஜாம் பாட்டிலுக்குள்ளேயே விட்டார். "கத்திதானே, ரொட்டி இல்லையே" என்றார். இரண்டு நாள் நான் படுக்கையில். அவர் அந்த இரண்டு நாளும் கட்டில் காலடியில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். தப்புச் செய்தவர் என்றாலும் தப்பை ஒப்புக்கொண்டார், அந்த வகையில் உன்னைவிட அவர் எவ்வளவோ மேல்.

இப்போது உன் கேக்குக்கு வருகிறேன். "அக்காவுக்குன்னே தனியா பண்ணேன்" என்று நீ அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தபோது எனக்கு மனசு இளகிவிட்டது, இல்லை என்று சொல்லமாட்டேன். அரிசி மாவு வாங்கியிருக்கிறாய், பாத்திரத்தைக் கழுவியிருக்கிறாய், கலக்கப் புதுக் கரண்டி வாங்கியிருக்கிறாய், உன் மனைவிகூட "ரெண்டு நாளா இதே வேலையா இருந்தாரு அண்ணி" என்று சொன்னாள். எல்லோரும் சுற்றி நிற்க, நான் ஒரு பெரிய துண்டை வாயில் போட்டேன். ஏதோ பேச்சுக்கு, "அரிசி மாவு கேக்கு டின்னுல ஒட்டிக்குமாமே, எப்படிடா இவ்வளவு அழகா எடுத்த?" என்று கேட்டேன். நீ முகமெல்லாம் பல்லாக, "அதுக்குத்தான் டின்னுல கொஞ்சம் மைதா தூவினேன்" என்றாய். அரைத் துண்டு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது, மீதியைத் துப்பினேன். அதற்கு நீ சொன்னது சாகிற வரை மறக்காது: "கேக்குக்குள்ள போடலியே அக்கா, டின்னுக்குத்தானே போட்டேன்!" பத்தொன்பது வருடம் உன் கை அடுப்பைத் திறக்கும் முன் டின்னில் வெண்ணெய் தடவி மாவு தூவியே பழகிவிட்டது, மூளையைக் கேட்காமலே தூவிவிட்டது என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். நீயோ "எல்லாம் மனசுதான், தூவினது தெரியாம இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது" என்றாய். என் மனசு அவ்வளவு சக்தி படைத்ததாக இருந்தால் அதை வைத்து முதலில் உன்னைத்தான் திருத்தியிருப்பேன்.

அரை மணி நேரத்தில் வயிறு பிடித்துக்கொண்டது. உன் கடைப் பின்னறையில், மாவு மூட்டைகளுக்கு நடுவே, அதாவது எனக்கு ஆகாத ஒரே பொருளின் மொத்தக் கிடங்கில், என்னைப் படுக்க வைத்தாய். உன் புத்திக்கு அது ஒரு அத்தாட்சி. ஆனால் அங்கே படுத்துக்கொண்டு நான் கண்ணை மூடவில்லை தம்பி. நீ ஒரு மூட்டையைத் தூக்கிப் பத்தடி நடந்தாய், பிறகு அதன்மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாய். முகம் உன் மாவைவிட வெளுப்பு. ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை கழிப்பறைக்குப் போனாய், திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாய். டீ குடிக்கும்போது வாய்ப்புண் என்று முகத்தைச் சுளித்தாய். அலமாரியில் சல்லடைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிற இரும்பு மாத்திரையையும் பார்த்தேன். அதே பெட்டி, அதே நிறம், எட்டு வருடம் நான் விழுங்கியது, எனக்கா அடையாளம் தெரியாது?

அதெல்லாம் வேலைக் களைப்பு என்பாய். சரி, என் அளவு நோட்டு என்ன சொல்கிறது என்று கேள். போன வருடம் உனக்குக் கால்சட்டை தைத்தபோது இடுப்பு முப்பத்தாறு. ஆறு மாதம் கழித்து இடுப்பைப் பிடித்துத் தைத்துத் தரச் சொல்லி அனுப்பினாய், முப்பத்து நாலரை. "நடக்குறேன்க்கா, அதான் தொப்பை கொறஞ்சிருச்சு" என்றாய், நானும் முட்டாளாகப் பெருமைப்பட்டேன். போன மாதம் மறுபடி அனுப்பினாய், முப்பத்திரண்டு. இந்தத் தடவை இடுப்புப் பட்டியைப் பிரித்தபோது பின்பாக்கெட் இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கிற அளவுக்கு வந்துவிட்டன. முப்பது வருடமாக இஞ்ச் டேப் பிடிக்கிறேன், நடந்து இளைத்த உடம்புக்கும் உள்ளே ஓட்டையாகி இளைத்த உடம்புக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். இரண்டாவதற்கு நான்தான் உதாரணம்.

இந்த வியாதி கூடப் பிறந்தவர்களுக்கும் வரும், அவசியம் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று குடல் டாக்டர் முதல் நாளே சொன்னார். நானும் உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய். அது சிரிப்பு இல்லை, பயம். பேக்கரிக்காரனுக்கே மாவு ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதைச் சொல்லத் தைரியமில்லாமல் என் வியாதியைக் கேலி செய்கிறாய், என் மனசைக் குற்றம் சொல்கிறாய், கோழை. அம்மாவுக்கு எப்போதும் வயிறு சரியில்லை, ஐம்பது வயதில் சும்மா தடுக்கி விழுந்ததற்கு இடுப்பெலும்பு உடைந்தது, பிள்ளைப்பேற்றிலேயே பாதி உடம்பு வற்றிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அது என்னவென்று யாரும் பார்க்கவில்லை. உன்னை அப்படி விடமாட்டேன். நீ என்னைத் திட்டு, என் முகத்தில் விழிக்காதே, பரவாயில்லை. எனக்கு இருப்பது ஒரே தம்பி.

அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்க உன் பெயரில் பதிவு செய்துவிட்டேன். உன் மனைவி கூட வருவாள், தப்பி ஓட முடியாது. கடையை ஒரு காலைப் பொழுது மூடினால் ஊர் பட்டினி கிடந்துவிடாது, உன் ரொட்டி அந்த அளவுக்கு ஒன்றும் இல்லை, பாதி நாள் அதைத் துணிக்கு இஸ்திரி போட வைத்துக்கொள்ளலாம். இன்னும் ஒன்று, இது கட்டளை: இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து ரொட்டி, பன், பிஸ்கட், கேக், ருசி பார்க்க எடுக்கிற ஓரத்துண்டு உட்பட எதையும் வாயில் வைக்காதே. மாவு பிசையும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்.

உன் மனைவிக்கு என் அன்பு. மகளுக்கு அத்தையின் முத்தம், அவளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், முதலில் உன்னுடையது முடியட்டும். உனக்கு என் ஆசீர்வாதமும், நீ அதற்குத் தகுதியில்லாதவன் என்ற நினைவூட்டலும்.

இப்படிக்கு,
உன் மானத்தை வாங்கிய அக்கா

பின்குறிப்பு: உறையில் போடப்போகும் நேரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸம்மா வியாழக்கிழமையை உறுதி செய்யக் கூப்பிட்டார். "இன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லி எழுதிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னேன். "ஐயோ, நிறுத்தச் சொல்லாதீங்கம்மா! நிறுத்திட்டு வந்தா ரத்தத்துல ஒண்ணும் தெரியாது. ரத்தம் எடுக்குற வரைக்கும் தினமும் வழக்கம்போல சாப்பிடணும்" என்று கத்திவிட்டார். எனக்குப் பார்த்தபோது நான் எல்லாவற்றையும் தின்றுகொண்டிருந்தேன், அதனால் இது தெரியாமல் போயிற்று. எல்லாப் பக்கத்தையும் திரும்ப எழுதக் கை வராது. ஆகவே கட்டளையை நீயே அடித்துவிடு. வியாழக்கிழமை வரை தினமும் உட்கார்ந்து, அவசரமில்லாமல், உன் ரொட்டியைச் சாப்பிடு. இஸ்திரி போடலாம் என்று எழுதியதையும் அடித்துவிடு. உலகத்தில் எனக்கு ஆகாமல் போனதில் உன் ரொட்டி ஒன்றுக்காகத்தான் நான் அழுதேன், பத்தொன்பது வருடத்தில் இதை ஒரு தடவைகூட உன்னிடம் சொன்னதில்லை. சூடாகச் சாப்பிடு தம்பி. ஓரத்துண்டை யாருக்கும் கொடுத்துவிடாதே. உனக்கும் இதுதான் கடைசி வாரமாக இருக்கலாம்.