மல்லாக்கப் படுத்த மானிட்டர்

இனி என் வீடியோ கேம் பெட்டிக்கு மெக்கானிக்கையே கூப்பிடுவதில்லை என்று 1993 ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தீர்மானித்தேன். ராஜபாளையத்தில் அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிந்த ஒரே மெக்கானிக் காளிராஜ். அவன் என் மனைவி சண்முகத்தாயின் தம்பி. என் கேம் கடையில் ஒரு ஸ்குரூ கழன்றால், அது தரையில் விழுவதற்குள் செய்தி அவள் காதில் விழுந்துவிடும்.

அன்றைக்குக் கழன்றது ஸ்குரூ இல்லை. மானிட்டரே போய்விட்டது. 'டப்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அப்புறம் இருட்டு. கடையில் இருந்ததே அந்த ஒரு பெட்டிதான்.

பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மடவார் வளாகம் பக்கம், மூடிப்போன ஒரு கேம் கடையில் பழைய மானிட்டர் கிடைத்தது. பிள்ளையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். நானே மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். படம் வந்தது!

ஆனால் இடம் வலம் மாறி வந்தது. ஜாய்ஸ்டிக் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் விமானம் இடப்பக்கம் பறந்தது. முதலில் ஆட வந்தவன் மூன்று விமானங்களையும் மலையில் மோதவிட்டு, என்னை முறைத்துவிட்டுப் போனான்.

காளிராஜைக் கூப்பிட்டால் மானம் போகும். கூப்பிடாவிட்டால் கடை போகும். அப்போதுதான் மூளை வேலை செய்தது. மாறித் தெரிவதை மறுபடி மாற்ற ஒரு கண்ணாடி போதுமே!

எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு கண்ணாடி. எனக்குச் சவரம் சலூனில்தான். சண்முகத்தாய் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் சுவரிலிருந்து கழற்றினேன். மானிட்டரைப் பெட்டிக்குள் மல்லாக்கப் படுக்கப் போட்டு, மேலே கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தினேன். படம் நேராகிவிட்டது. என்னை நானே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒரே ஒரு குறை. அது கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி. அடியில் சிவப்புப் பெயிண்டில் 'அன்பளிப்பு: தாய்மாமன் இருளப்பசாமி, வத்திராயிருப்பு' என்று எழுதியிருக்கும். விமானமெல்லாம் தாய்மாமன் தலைக்கு மேலேயே பறந்தன.

மறுநாள் காலை.

"ஏங்க, செவுத்துல கண்ணாடியக் காணோம்?"

"ரசம் போயிருச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ரசம் பூசக் குடுத்திருக்கேன்."

"நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு?"

"ரசம் எப்பப் போகும்னு யாருக்குத் தெரியும்?"

"அது சரி. நீங்க மூஞ்சி காட்டுனா எந்த ரசமும் திரிஞ்சுதான் போகும்."

அவள் பேண்டேஜ் துணி கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்ட். எட்டேகாலுக்குக் கிளம்பியாக வேண்டும்.

"இப்ப நான் எதப் பாத்துப் பொட்டு வைக்க?"

"என்னப் பாத்து வையி. நான் சொல்லுதேன்."

முன்னால் போய் நின்றேன். "செத்த இடப்பக்கம்."

"எனக்கு இடமா, உங்களுக்கு இடமா?"

"எனக்கு. இல்ல, உனக்கு."

பொட்டு ஒரு புருவத்துக்குப் போய், மறு புருவத்துக்கு வந்து, ஒருவழியாக நடுவில் உட்கார்ந்தது. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாள், அவள் கண்ணுக்குக் கீழே ஒரு குட்டி மச்சம் இருப்பதைப் பார்த்தேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம்! நான்காம் நாள், காதோரம் ஒரு நரைமுடி. சொல்லவில்லை. ஆறாம் நாள் இடம், வலம் சொல்ல மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன, வாயையே தெறக்கக் காணோம்?"

"அழகா இருக்க."

அவள் சட்டென்று குனிந்தாள். பொட்டு நெற்றி ஓரத்துக்குப் போய்விட்டது. "அசையாத" என்றேன்.

பத்தாம் நாள், கூப்பிடாமலே காளிராஜ் கடைக்கு வந்தான். மானிட்டரைத் தூக்கி நிறுத்தினான். இரண்டு வயரை இடம் மாற்றினான். கண்ணாடி இல்லாமலே படம் நேராகிவிட்டது.

"அஞ்சு நிமிச வேல அத்தான்."

"ஒனக்கு யாருலே சொன்னது?"

"ஊரே சொல்லுது. இந்த வெளையாட்டுக்குப் பேரே 'தாய்மாமன் கேம்'தான். அக்காவுக்கு ரெண்டாம் நாளே தெரியும். நான் அன்னைக்கே வாரேன்னேன். பத்தாம் நாளு போனாப் போதும்னு சொல்லிட்டாக."

கண்ணாடியைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். "எதுக்குப் பத்து நாள்?" என்று கேட்டேன்.

"ஒம்போது வருசத்துல எம் மொகத்த நீங்க அம்புட்டு நேரம் பாத்தது இந்தப் பத்து நாளுதான். அதுக்குள்ள தம்பிய அனுப்ப எனக்கு என்ன கிறுக்கா?"

கண்ணாடியைச் சுவரோரம் வைத்தேன். "இது எதுக்கு நமக்கு? இனிமே தெனமும் நானே ஒனக்குக் கண்ணாடி" என்றேன்.

"ஐயையோ வேண்டாம், ஆணிய அடிங்க" என்றாள் சண்முகத்தாய். "இந்தப் பத்து நாளும் அடுத்த வீட்டுச் சீனியம்மா அக்கா கண்ணாடியில பொட்ட நடுவுல நகத்தி வச்சிட்டுத்தான் நான் தெருவுலயே எறங்குனேன்."